வெள்ளத்தாயி உக்காந்த துறை

உம் கொட்டணும், சொல்லிப்புட்டேன். உம் கொட்டாத எடத்துல நான் கதை சொல்றதில்ல.

ஒரு காலத்துல, இந்தக் கம்மாய்க்கு மடை கட்டாத காலத்துல, நம்ம கொன்னக்கொளத்துல வெள்ளத்தாயின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். எனக்குப் பாட்டன், அவருக்கும் பாட்டன் சங்கிலி. அந்தச் சங்கிலிக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. நல்ல வேலைக்காரி. அவ கம்பு குத்துனா உலக்கைச் சத்தம் ஊர்க்கோடிக்குக் கேக்கும்னு சொல்லுவாக. எல்லாம் இருந்து என்ன செய்ய? அவளுக்கு வலிப்பு.

நின்னு பேசிக்கிட்டே இருப்பா, பொத்துன்னு விழுவா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில நுரை தள்ளும். யாராச்சும் ஓடியாந்து ஒரு சாவியைக் கையில திணிப்பாக, இரும்பு பட்டா அடங்கும்னு. திணிச்சுட்டு என்ன செய்வாக? ஓடிருவாக! அந்த நுரை மேல பட்டா நமக்கும் ஒட்டிக்கிரும்னு அப்ப ஒரு பயம்.

இழுத்து முடிச்சுக் கண்ணு முழிப்பா. முழிச்சா ஆள் இருக்காது. மேல வானம் இருக்கும், கையில சாவி இருக்கும். சேலை வெலகிக் கெடக்கும். எம்புட்டு நேரமா கெடந்தோம், யாரு பாத்தா, யாரு சிரிச்சா, ஒண்ணும் தெரியாது. விழுகுறதுக்கு அவ அழுததில்லையாம். முழிக்கிறதுக்குத்தான் அழுவாளாம்.

ஆத்தா இருந்த மட்டும் பக்கத்துல இருந்தா. ஆத்தாளும் போய்ச் சேந்தா. சங்கிலி பொண்டாட்டி மாடத்தி, "பச்சப்பிள்ளைக பொழங்குற வீடு"ன்னு சொன்னா. கெட்டவ இல்லப்பா, பயந்தவ. சங்கிலி என்ன செய்வான், கம்மாக்கரையில ஒரு குடிசை போட்டுக் குடுத்தான். சோறு வரும். வாசல்ல வச்சுட்டு, "ஏ வெள்ளத்தாயி, சோறு!"ன்னு ஒரு சத்தம். இவ வெளிய வந்து பாக்குறதுக்குள்ள மாடத்தி முதுகுதான் தெரியும். ஒரு தடவை அடுப்பு மேலயே விழுந்து கை வெந்துபோச்சு. கேக்க நாதியில்ல.

அப்பத்தான் அந்த நாய் வந்துச்சாம். எங்கருந்து வந்துச்சுன்னு என்னையக் கேக்காதீக. செவலைக் குட்டி, மூஞ்சி மட்டும் கருப்பு. ஒரு நா இவ விழுந்து கண்ணு முழிக்கிறா, மொகத்துக்கு நேரா ஒரு மொகம்! மூச்சு மேல படுது. நுரையை எல்லாம் நக்கி எடுத்திருச்சு.

"அடப் பயலே, ஒனக்கு மட்டும் ஒட்டாதாக்கும்?"னு கேட்டாளாம். கேட்டுட்டு அதைக் கட்டிக்கிட்டு அழுதாளாம். கருவாயன்னு பேரு வச்சா.

நாய் வளர வளர இன்னொண்ணு நடந்துச்சு. இவளுக்கு வலிப்பு வர்றதுக்குச் சித்த முந்தி, அது ஒரு மாதிரி கொரைக்கும். அடித்தொண்டையில, விட்டு விட்டு. முந்தானையைக் கவ்வி இழுக்கும். அடுப்புக்கிட்ட போக விடாது. அதுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? போய் நாய்கிட்டக் கேளு, எனக்கென்ன தெரியும்! வெள்ளத்தாயிக்குப் பிடிபட்டுப்போச்சு. கருவாயன் அப்படிக் கொரைச்சா கையில இருக்குறதைக் கீழ வச்சுட்டு உக்காந்துருவா. வர்றது வந்துட்டுப் போகும். முழிச்சா அது பக்கத்துல இருக்கும்.

அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு தைரியம் வந்துச்சு. களை எடுக்கப் போனா, விறகு பெறக்கப் போனா. அவ பாட்டுப் படிச்சுக்கிட்டே கரையில நடந்து போனதை ஊரே வேடிக்கை பாத்துச்சாம்.

வேடிக்கை பாத்த ஊருக்கு என்ன தெரிஞ்சுச்சு? நாய் கொரைக்குது, அவ விழுறா. மறுக்கா நாய் கொரைக்குது, மறுக்கா விழுறா.

"ஏய் சங்கிலி, அந்த நாய்தான்யா வலிப்பைக் கூப்பிடுது!"

ஒருத்தன் சொன்னான், ஒம்பது பேரு ஆமான்னாக. சங்கிலிக்குத் தங்கச்சி மேல உசுரு. நாயைப் பிடிச்சுக் கட்டச் சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். வெள்ளத்தாயி குறுக்க பாஞ்சு மறிக்கிறா.

"அண்ணே, அது கூப்பிடலண்ணே! வருதுன்னு எனக்குச் சொல்லுதுண்ணே!"

"நாய் பேசுமா தாயி? புத்தி பேதலிச்சுப் பேசுற. விடு."

கொல்ல மனசு வரல அவனுக்கு. ஆத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் அவுத்து விட்டுட்டு வந்துட்டான்.

கூத்தைக் கேளு, அதுக்கப்புறம் கொஞ்ச நாளா வலிப்பு வரவே இல்ல! அந்த வியாதி அப்படித்தான், அதும்பாட்டுக்கு வரும், அதும்பாட்டுக்குப் பதுங்கும். சங்கிலி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டியாந்தான். பிள்ளைகளோட பிள்ளையா வரிசையில உக்கார வச்சுச் சோறு போட்டாக. மாடத்தி தன் கைக்கொழந்தையைத் தூக்கி அவ மடியில வச்சா. "அத்தைகிட்டப் போ"ன்னா. வெள்ளத்தாயிக்குச் சோறு எறங்கல, அம்புட்டுச் சந்தோசம். அம்புட்டுப் பயம். எப்ப வரும்னு சொல்ல ஆளில்லையே! ஒரு வீட்டுச் சனத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, செவத்துல சாஞ்சபடி அந்த நாயை நெனச்சுக்கிட்டே இருப்பாளாம்.

மழை பேஞ்சு கம்மா ரொம்பிக் கெடந்த ஒரு நா. மாடத்தி துறையில துணி தொவைக்கிறா. வெள்ளத்தாயி கொழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு முட்டளவு தண்ணியில நிக்கிறா. சங்கிலி அந்தாண்ட மாடு குளிப்பாட்டுறான். கரை மேல தடதடன்னு ஒரு ஓட்டம். பாத்தா கருவாயன்! எலும்பும் தோலுமா, எப்படி ஆத்தைத் தாண்டுச்சோ. வந்த வேகத்துல தண்ணிக்குள்ள பாஞ்சு முந்தானையைக் கவ்விருச்சு. அதே கொரைப்பு, அடித்தொண்டையில.

"வந்துருச்சுடி சனியன்!"னு சங்கிலி கம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியாறான். ஒரு அடி. நாய் விடல.

வெள்ளத்தாயிக்கு விளங்கிருச்சு. இப்ப உக்காந்தா வியாதி போகலன்னு ஊருக்கே ஒத்துக்கிட்ட மாதிரி. வீடு போச்சு, வரிசைச் சோறு போச்சு, மடியில பிள்ளை போச்சு. மறுபடி அந்தக் குடிசை. நாயை வெரட்டிட்டுப் பேசாம நின்னா, ஒருவேளை வராமலும் போகலாம். அப்படி நெனச்சாளாம் ஒரு நொடி. பொய் சொல்ல மாட்டேன், நெனச்சாளாம்.

"மதினி, பிள்ளையப் பிடி!"

பிள்ளையை நீட்டுனா, ரெண்டு படி ஏறுனா, கல்லு மேல உக்காந்தா. உக்காரவும் இழுக்கவும் சரியா இருந்துச்சு. அதுக்குள்ள சங்கிலியோட அடுத்த அடி நாய் மண்டையில விழுந்துருச்சு.

கண்ணு முழிக்கிறா. அண்ணன் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கான். மாடத்தி கொழந்தையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, தண்ணியையும் இவளையும் மாறி மாறிப் பாக்குறா. யாரும் ஓடல. காலடியில கருவாயன் கெடக்கு, முந்தானையை வாயில இருந்து விடாம. தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. பொழுது சாயற மட்டும் அதுக்கு மூச்சு இருந்துச்சாம்.

சங்கிலி தலையில அடிச்சுக்கிட்டு அழுறான். "எனக்குத் தெரியாமப் போச்சே தாயி!"

"நான் சொன்னேனே அண்ணே"ன்னா வெள்ளத்தாயி.

அம்புட்டுத்தான் சொன்னா.

மாடத்தி அவளைக் குடிசைக்கு அனுப்பல. கடைசி மட்டும் அந்த வீட்டுலதான் இருந்தா. சங்கிலி எங்கெங்கயோ போய் எத்தனையோ நாய்க்குட்டி கொண்டாந்து குடுத்தானாம். எல்லாம் நல்ல நாய்தான், சோறு தின்னுச்சு, வாலாட்டுச்சு. ஒண்ணுகூட அப்படிக் கொரைக்கல.

அந்தப் படிக்கட்டுத்தான் வெள்ளத்தாயி உக்காந்த துறை. இன்னைக்கும் நம்மூருல ஒரு நாய் எதுக்க நின்னு கொரைச்சா எவனும் கல்லெடுக்க மாட்டான். இடுப்புல பிள்ளை இருந்தா அடுத்தவ கையில குடுத்துட்டு, ஆம்பளையோ பொம்பளையோ நின்ன எடத்துல உக்காந்துருவாக. பொண்ணழைப்புக்கு வந்த வெளியூர்க்காரவுக பாத்துட்டுச் சிரிப்பாக. சிரிக்கட்டும். நாய் சொன்னா கேக்கணும்னு இந்த ஊரு கத்துக்கிருச்சு. வெள்ளத்தாயி சொன்னா கேக்கணும்னு இன்னும் கத்துக்கல.