அப்பா கூப்பிட்டதாகச் சொன்ன விருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். கோழிக்கறிப் பையோடு ஏறிய ஒரு பெண், அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

“டீச்சர், நீங்க குடுத்த கதப் புஸ்தகத்தப் படிச்சுட்டு எம்பொண்ணு விருந்துக்கு ஆளக் கூப்ட்டுட்டு வந்துருச்சு.”

டீச்சர் சிரித்தார். “நல்லதுதானேம்மா. யாரை?”

“எங்க கொழுந்தனார் குடும்பத்த. வரப்புத் தகராறுல அடிதடியாயி, மூணு வருஷமா பேச்சுவார்த்த இல்ல. நேத்து சாயங்காலம் இது நேரா அவங்க வூட்டுக்குப் போயி, ‘சித்தப்பா, நாளைக்கு மத்தியானம் அப்பா உங்கள சாப்ட வரச் சொன்னாங்க’ன்னு சொல்லிருக்கு.”

“உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னாரா?”

“அவருக்கு இன்னும் தெரியவே தெரியாது டீச்சர். சொன்னா புள்ளைய அடிச்சுப்புடுவாரு. அவங்களும் வரோம்னுட்டாங்க. இன்னம் ரெண்டு மணி நேரத்துல வாசல்ல வந்து நிப்பாங்க.”

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கதையில சண்ட போட்டவங்க வந்து சாப்ட்டாங்களா டீச்சர்?”

“சாப்ட்டாங்கம்மா.”

“திரும்பவும் சண்ட ஒண்ணும் வரலயே?”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குன்னத்தில் பஸ் நின்றபோது, அவளுக்குப் பின்னாலேயே அவரும் எழுந்தார்.

“டீச்சர், அரியலூருக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் கண்டக்டர்.

“இங்கயே எறங்கிக்கறேங்க” என்றவர், அவள் பக்கம் திரும்பினார்.

“வாங்கம்மா. புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்றேன்.”