காது இல்லாத கம்ப்யூட்டர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் வண்டி இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பத்து நாளா வூட்ல யாரும் சத்தமா பேசறதில்ல."

"இன்னாக்கா, சண்டையா?"

"பொண்ணு படிக்க வாங்கன கம்ப்யூட்டர்ல ஸ்பைவேர் பூந்துகிச்சி, உளவு பாக்குதுன்னு மெக்கானிக் போன்ல சொன்னான். அவளுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். பேசறதெல்லாம் மாப்ள வூட்டுக்குப் போய்டப் போவுதுன்னு மாட்டுக் கொட்டாயில நின்னு பேசினோம்."

"அப்புறம்?"

"நேத்து இவரு கழனிக்குப் போனப்ப மெக்கானிக் வந்தான். நெட்ல பாட்டு எடுக்கறப்ப கூடவே வந்துச்சாம். அத எடுத்துப்புட்டு, பாஸ்வேர்டயும் மாத்திட்டான். அது டைப் அடிக்கிறதத்தான் பாக்குமாம், பேசறது கேக்காதாம். எனக்கு அப்பாடான்னு ஆய்டுச்சி."

"இனிமே நல்லா பேசலாம்னு சொல்லு!"

"பேசலாம்தான். ஆனா அது கேட்டுக்கினு கீதுன்னு பயந்து, இந்தப் பத்து நாளும் இவரு என்னை ஒரு வாட்டி கூட அதட்டல. மெக்கானிக் வந்துட்டுப் போனத இன்னும் சொல்லல நான்."