முகாமுக்குப் போக வேண்டியவரைக் கடலுக்குப் போனதாகச் சொன்னது பற்றி

என் பெயர் ஹம்சா, வயது 28, கணவர் பெயர் தங்கவேல். பட்டினப்பாக்கம் குப்பத்தில் குடியிருக்கிறேன், மீன் விற்கிறேன். இப்போது எட்டு மாதக் கர்ப்பம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது தேவையில்லை என்று இதை எழுதும் போலீஸ் அதிகாரி சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன்.

என் கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். டெரிட்டோரியல் ஆர்மி என்கிற பகுதிநேரப் பட்டாளத்திலும் இருக்கிறார். வருடத்தில் இரண்டு மாதம் பயிற்சி முகாம், அந்த நாட்களுக்கு மட்டும் அரசாங்கச் சம்பளம், மீதி நாட்களில் அவரவர் பிழைப்பு. போன வருடம் அவர் முகாமில் இருந்தபோது எங்கள் முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து அன்றே இறந்துவிட்டது. அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இந்த வருட முகாம் 15ஆம் தேதி தொடங்குவதாகக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலை அவர் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, இன்ஜின் பாகம் வாங்கக் காசிமேட்டுக்குப் போனார். எட்டரை மணிக்கு அந்தப் போனில் அவருடைய பட்டாள மேலதிகாரி சுபேதார் கல்யாணராமன் பேசி, முகாமுக்கு வருவது உறுதிதானா என்று கேட்டார். நான், "அவரு கடலுக்குப் பூட்டாரு சார், இன்னும் கரைக்கு வர்ல" என்றேன். வேண்டாதவர் யார் தேடி வந்தாலும் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வது அதுதான், கேட்பவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். எப்போது போனார் என்று அவர் கேட்டதற்கு, முந்தாநாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி போனை அணைத்துவிட்டேன். சின்னப் படகில் போனவர் இரண்டு நாள் திரும்பாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று, கடற்கரையிலேயே பிறந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு நான் மீன் விற்கப் போய்விட்டேன். பதினோரு மணிக்குக் கரையில் கூட்டம் நிற்பதைக் கண்டு போனேன். கூரியர் பை மாட்டிய ஒருவர், கழுத்தில் பேங்க் அடையாள அட்டை தொங்கிய ஒருவர், காக்கிச் சட்டை ஆட்டோக்காரர் என்று பதின்மூன்று பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் கணவருடன் பயிற்சி எடுப்பவர்கள், சுபேதார் போன் பண்ணி வரவழைத்தவர்கள். அவர் தகவல் கொடுத்து, போலீஸ் படகு ஏற்கெனவே தேடப் போயிருந்தது. கூரியர் நதீம் என் வயிற்றைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணி, நீங்க குந்துங்க. அண்ணன் வந்துடுவாரு, நாங்கல்லாம் கீறோம்" என்று சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். அய்யோ, அந்தப் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் நின்ற சுபேதார், "ஏம்மா, பிரசவத்துக்கு லீவு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே!" என்று சத்தம் போட்டார். அதன் பிறகு மணலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸ் படகைத் திருப்பி அழைத்தார்கள். ஒரு மணிக்கு என் கணவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, ஒருவர் அவரைக் கட்டிப் பிடித்தார், ஒருவர் முதுகில் அறைந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தப் பொய்யில் அவருக்குப் பங்கில்லை. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், பட்டாளத்திலிருந்து அவர் பெயரை அடிக்க வேண்டாம். 15ஆம் தேதி நானே அவரை ரயில் ஏற்றிவிடுவேன்.

வேறு ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டதால் இதையும் சொல்கிறேன். முதல் குழந்தையைப் பற்றி எங்களுக்குள் இந்த ஒரு வருடமாகப் பேச்சே கிடையாது. இன்று இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "பாப்பா யாரு மாரி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "மூக்கு உன்னுதுதான்யா" என்றேன்.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதைப் படிக்கக் கேட்டேன். இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) த. ஹம்சா
என் முன்பாக: சிந்து, உதவி ஆய்வாளர்