சத்தம் கீது, படம் இல்ல

ஓடிப் போவல வக்கீல் மேடம். எங்க ஓடப்போறேன், ஷட்டர பாதி எறக்கிட்டு உள்ளதான் குந்திகினு கீறேன். வாங்க, தலைய பாத்து வாங்க. அந்த ஸ்டூலு ஆடும், இத்த போட்டுக்கோங்க. தெரியும் மேடம், ரெண்டர மணிக்கு கேஸ கூப்புடுவாங்க. இப்ப மணி பத்தே முக்கா. திருவொத்தியூர்ல இருந்து பாரிஸ் கார்னர் கோர்ட்டுக்குப் போவ எத்தினி நேரம், கண்டெய்னர் லாரி க்யூ கட்டி நின்னாலும் ஒன்ற மணி நேரம். டைம் கீது. நான் சொல்றத கேட்டுட்டு அப்பால திட்டுங்க.

மூணு நாள்ல முடிக்கறேன்னுதான் சொன்னேன். பன்னெண்டு நாள் ஆயிடுச்சி. ஒத்துக்கறேன்.

டென்னிஸு உங்களாண்ட அரகொறையாத்தான் சொல்லிகீறான். அவன் ராயபுரத்துல கல்யாணம், ஞானஸ்நானம்னு வீடியோ எடுக்கறவன், மிஷினு உள்ள இன்னா நடக்குதுன்னு அவனுக்கு இன்னா தெரியும். போன வருசம் ஆயுத பூஜைக்கு எண்ணூர் கண்டெய்னர் யார்டுல அவனதான் வீடியோ எடுக்க கூப்ட்டாங்க. பூஜை முடிஞ்சிது. கேமராவ ஸ்டாண்டுல ஓடவுட்டுட்டு அவன் பாட்டுக்கு பொரி சுண்டல் வாங்க பூட்டான். அந்த நேரத்துலதான் கிரேன்ல இருந்து கண்டெய்னர் வுழுந்து, அங்க வேலை செஞ்ச வேலப்பன் செத்தாரு. கேமரா அந்தப் பக்கம் பாத்துகினு ஓடிகினே இருந்துகீது. சாயங்காலம் டேப்ப அப்டியே அவனோட ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். ஆனா பாக்கல. பயம். மறுநாளு யார்டுல இருந்து ரெண்டு பேரு வந்து டேப்ப புடுங்கிகினு பூட்டாங்க. ஏத்தி வெச்சது அவங்களுக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சி கரண்ட்டு எகிறி அந்த மேக்கு பொகஞ்சி பூடுச்சி. ஹார்ட் டிஸ்க்கு மட்டுந்தான் உசுரோட கீது. அதத்தான் ஒரு துண்டுல சுத்தி எங்கிட்ட எடுத்துகினு வந்தான்.

மொத நாளே நான் நம்ப சாதா கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தேன் மேடம். ஃபைலு தெரிஞ்சிது. அமுக்குனா ஓடுது. சத்தம் கீது, படம் இல்ல. ஸ்க்ரீன் ஃபுல்லா கறுப்பு. அது புது டைப் கேமரா, மேக்குல ஏத்தும்போது அது தன்னோட இஷ்டத்துக்கு ஒரு தினுசா படத்த மடிச்சி வெக்கிது. அத்த மேக்குதான் பிரிக்கும், வேற எதுக்கும் பிரிக்கத் தெரியாது. சத்தம் மட்டும் வருது. மேளம், கிரேன் ஓடுற சத்தம், ஒரு பிகிலு. அப்பால டமால்னு ஒண்ணு. அப்பால ஜனங்க கத்துற சத்தம். எல்லாம் அந்தக் கறுப்புக்குள்ள இருந்து வருது. வேலப்பன் சம்சாரம் பூவம்மாக்கா வாசப்படில குந்திகினு இருந்துச்சி. பட்டுனு ஸ்பீக்கர அணைச்சேன். அதுக்குள்ள அது காதுல வுழுந்துடுச்சி. முந்தானைய எடுத்து வாய்ல அடைச்சிக்கிச்சி.

வேற மேக்கு கேக்கலயான்னா? டென்னிஸு ரெண்டு ஸ்டுடியோல கேட்டான் மேடம். யார்டு கேஸுன்னதும் கைய விரிச்சிட்டாங்க. அவங்களுக்கும் கம்பெனி ஆர்டர் வரணுமே. சரி, நம்ம பார்ட்ஸ்லயே மேக்க ஓட வெக்கலாம்னு நான்தான் எறங்குனேன். அசம்பிள் பண்ண மிஷின்ல அந்த சாஃப்ட்வேர ஏமாத்தி ஏத்தறது. ஊரு ஒலகத்துல செஞ்சிகினுதான் கீறாங்க. நெட்டுல பாத்தா ரொம்ப சுளுவா தெரியும். கையில எடுத்தா தாவு தீந்துடும்.

மொத மிஷினு மூஞ்ச காட்டவே இல்ல. சாம்பல் கலர்ல ஒரு திரை எறங்கி, ஆஃப் பண்ணி போடுன்னு நாலு பாஷைல சொல்லுது. நானும் ஆஃப் பண்ணி போடறேன், அதுவும் அதையே சொல்லுது. ஒன்ற நாள் அதுலயே பூடுச்சி. ப்ராசசரே ஒத்து வரலன்னு அப்பாலதான் புரிஞ்சிது. வேற போர்டு, வேற ப்ராசசர் போட்டேன். அது கொஞ்ச தூரம் ஓடி, டிஸ்க்க காணோம், வெயிட் பண்றேன், டிஸ்க்க காணோம், வெயிட் பண்றேன்னு ஒரே வரிய எழுதிகினு நிக்கிது. கண்ணெதிர டிஸ்க்கு சுத்திகினு கீது மேடம், அதுக்கு தெரியல. ரெண்டு நாள் ஒவ்வொரு வயரா புடுங்கி புடுங்கி மாட்டுனேன். கடசில பாத்தா டிவிடி டிரைவு பழைய பட்டை வயரு. அந்த வயரு வழியா வர்றத அது மதிக்கவே இல்ல. புது டைப் டிரைவு மாட்டி, உள்ள ஒரு செட்டிங்க மாத்துனேன், வழிவுட்டுச்சி.

பூவம்மாக்கா தெனம் வந்துச்சி. காத்திவாக்கத்துல இருந்து ஷேர் ஆட்டோல வந்து, படில குந்திக்கும். உள்ள வான்னா வராது. மிஷினு மனசு எறங்குச்சா தம்பின்னு கேக்கும். இல்லக்கான்னா, சரின்னு தலைய ஆட்டிட்டு பூடும். வேலப்பன் அன்னிக்கி வேலைல இல்ல, குடிச்சிட்டு பூஜைக்கி வந்து அவராவே கிரேனு அடில பூந்துட்டாருன்னு கம்பெனி எழுதிக் குடுத்துகீதே, அந்தப் பேப்பர நீட்டி என்ன படிக்கச் சொல்லும். படிச்சி காட்டுனா, அவரு சூடான டீ குடிச்சாலே நாக்கு பொத்துக்கும் தம்பி, குடிச்சாராம்னு சிரிக்கும்.

ஏழாம் நாளு நம்ம மிஷின்ல மேக்கு ஏறிடுச்சி. ஆனா படத்த தொறக்கற சாஃப்ட்வேரு தொறக்க மாட்டேங்குது. உன் க்ராஃபிக்ஸ் கார்டு எனக்கு சரிப்படாதுங்குது. எந்தக் கார்டு சரிப்படும்னு தேடுனா ரெண்டே ரெண்டு மாடல். ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடை ஃபுல்லா அலஞ்சேன், அத்த நிறுத்தி ஒரு வருசம் ஆச்சின்றான். அப்பாலதான் உசேன் பாய் ஞாபகம் வந்துச்சி, ராயபுரத்துல ப்ரௌசிங் சென்டர் வெச்சிகீறாரு. அவரு கேம் மிஷின்ல அந்தக் கார்டு இருந்துச்சி. எதுக்குடான்னாரு. சொன்னேன். பசங்க ரெண்டு பேரு ஆடிகினு இருந்தாங்க, எந்திரிங்கடான்னு எழுப்பி, அவரே ஸ்க்ரூவ கழட்டிக் குடுத்தாரு. அது ஏழு மணி நேரம் ஓடும்டா, அதுக்கப்பறம் ஃபேனு கத்தும், சைடுல ஒரு டேபிள் ஃபேன் வெச்சிக்கோன்னாரு. தோ பாருங்க, மூடி தொறந்து கீது, ஃபேனு அடிக்கிது. இத்த கோர்ட்டுக்கு தூக்கிகினு போவ வேணாம், டேப்புல ஏத்திட்டேன், டிவிடியும் ரெண்டு போட்டுகீறேன். டிஸ்க்குல நான் ஒரு எழுத்து எழுதல, படிக்க மட்டுந்தான் வுட்டேன். ஜட்ஜய்யா கேட்டா சொல்லுங்க.

ஆமா. ரெடியாத்தான் கீது.

படம் வரலன்னு திங்கக்கெழம ஃபோன்ல சொன்னேன், ஆமா. நேத்தும் அதான் சொன்னேன். க்ராஃபிக்ஸ் கார்டு ஒத்து வரல, ட்ரைவர் கெடைக்கலன்னு.

பொய் மேடம்.

ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கே படம் வந்துடுச்சி. டென்னிஸு சர்ச்சு வேலையா பூட்டான், கடைல நான் ஒருத்தன்தான். மூணு நாளா இத்த வெச்சிகினு உங்களுக்கும் பொய் சொன்னேன், அந்தக்காவுக்கும் பொய் சொன்னேன். அழிச்சிடலாம்னும் நெனச்சேன். சும்மா சொல்லல, ரெண்டு தபா கை வெச்சேன். இது கம்பாட்டிபிள் இல்லன்னு சொல்லிட்டா யாரு கேக்கப்போறாங்க. மேக்குக்கும் நம்ம மிஷினுக்கும் ஒத்து வரலன்னா ஒலகமே நம்பும்.

எவனும் துட்டு குடுக்கல மேடம். மெரட்டவும் இல்ல. யார்டுல எவனுக்கும் இப்டி ஒண்ணு கீதுன்னே தெரியாது. மொதல்ல பாருங்க.

தோ, இதான். முன்னால வாழ மரம் ஆடுது பாருங்க, அதுக்குப் பின்னாலதான் யார்டு. அந்த ஊதா புதுச்சட்டதான் வேலப்பன். பூஜைக்கின்னு எடுத்ததாம், அந்தக்கா சொல்லுச்சி. கையில பொரிப் பொட்டலம். வெளில போறாரு பாருங்க, கேட்டு பக்கம். போயிருந்தா பூட்டுருப்பாரு. இப்ப எடது பக்கம் பாருங்க, மஞ்ச ஹெல்மெட்டு. கைய தட்டி கூப்புடறாரு. வேலப்பன் சட்டைய தொட்டு காட்றாரு, புதுசு, இன்னிக்கி வேணாம்னு. மஞ்ச ஹெல்மெட்டு ஒரு வெரல காட்டுது. ஒண்ணே ஒண்ணுதான், கொக்கிய மாட்டிட்டுப் போன்னு. பாத்தீங்களா. அங்க தொங்குன ஒரு ஹெல்மெட்ட எடுத்து அவரே வேலப்பன் தலைல வெக்கிறாரு. வேலப்பன் பொரிய ஓரமா ஒரு ட்ரம்மு மேல வெச்சிட்டு கண்டெய்னரு கொக்கிய மாட்டப் போறாரு. குடிச்சவரு நடையா மேடம் அது? இப்ப பிகிலு. தோ, மஞ்ச ஹெல்மெட்டுதான் ஊதறாரு. தூக்குது.

நிறுத்திடறேன் மேடம். மிச்சத்த கோர்ட்டுல பாத்துக்கங்க. நான் ஒருக்கா பாத்தேன், போதும்.

தண்ணி குடிங்க. இல்ல, நான் நல்லாதான் கீறேன்.

நேத்து சாயங்காலம் பூவம்மாக்கா வந்துச்சி. நான் தலைய குனிஞ்சிகினு, படம் இன்னும் வரலக்கான்னேன். அது மொத தபா படியேறி உள்ள வந்துச்சி. இந்த மிஷின தொட்டுப் பாத்துச்சி. வுட்டுடு தம்பின்னு சொல்லுச்சி. எங்களால உன் பொழப்பு பன்னெண்டு நாளா நிக்கிது, உன் கண்ண பாரு எப்டி செவந்து கீதுன்னு, கூடப்பொறந்தவன் கூட இவ்ளோ செய்ய மாட்டான், நீ செஞ்சதே போதும், நல்லா இருன்னு சொல்லிச்சி. அது திட்டியிருந்தா நான் அழிச்சே இருப்பேன் மேடம். கும்புட்டுட்டு போச்சி. அப்ப ஒக்காந்தவன்தான், ரெண்டு டிவிடியும் போட்டுட்டு தான் எந்திரிச்சேன்.

இன்னா கேட்டீங்க? ஆமா, மூஞ்சி தெளிவா இல்ல, ஹெல்மெட்டு நெழலு வுழுவுது. இது எங்க சூப்பர்வைசரே இல்ல, வேற எவனோன்னு அவங்க வக்கீலு சொல்லுவாரு, கரெக்ட்டு. நான் வேலப்பன கூப்புடவே இல்லன்னு சூப்பர்வைசர் கையெழுத்து போட்டு குடுத்துகீறாரே, நிலவன்னு, அவருதான் இவரு. சந்தேகமே வேணாம். தோ, ஹெல்மெட்ட வெக்கும்போது கைய பாருங்க, வலது கைல வாச்சு. எல்லாரும் எடது கைலதானே கட்டுவாங்க. செகப்பு பட்டை. அந்த வாச்சு நான் வாங்கிப் போட்டது மேடம், கல்யாணத்தன்னிக்கி, வியாசர்பாடில வெச்சி. என் தங்கச்சி ரமாபாயோட வூட்டுக்காரரு.

தெரியும். ஞாயித்துக்கெழமையே அவ வூட்டுக்குப் போயி சொன்னேன். காலப் புடிச்சிகினா. அழிச்சிடு அண்ணா, வேலை பூடும், உள்ள வெப்பாங்க, கொழந்தைங்கள வெச்சிகினு நான் எங்க போவேன்னா. சரிம்மா, அழிச்சிடறேன்னு அவ கையிலதான் அடிச்சி சத்தியம் பண்ணிட்டு வந்தேன்.

இந்தாங்க, டேப்பு ஒண்ணு, டிவிடி ரெண்டு. பேப்பர எடுங்க. வாச்ச வெச்சி ஆள அடையாளம் சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணுமில்ல. பீம்ராவ்னு எழுதுங்க. தொழிலு, கம்ப்யூட்டர் ரிப்பேரு. அவருக்கு இன்னா உறவுன்னு கேட்டா, மச்சான்னு போடுங்க மேடம். ரெண்டர மணி வரைக்கும் அதான் உறவு.