பிராண்டனை யார் கூட்டி வருவது

மகேஸ்வரன்: ...அதான் சொல்றேன், நீ டேவான் ஹால்லயே இருந்து வைஃபையப் பாரு வினி. பிராண்டன நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.

வினிஃப்ரெட்: நீ எதுக்கு? நான் போறேன்னு நேத்தே சொன்னேன்ல?

மகேஸ்வரன்: லார்கின் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டணும் லா.

வினிஃப்ரெட்: எனக்கு ஓட்டத் தெரியாதா?

மகேஸ்வரன்: தெரியும். வர்றப்ப அவன்கூட ஒன்றரை மணி நேரம் உக்காரணும். உனக்குத்தான் அவன் மூஞ்சியே ஆகாதே.

வினிஃப்ரெட்: உனக்கு மட்டும் ஆகுமா? பேனர்ல அவன் படம் பெருசா இருக்குன்னு காலையிலேர்ந்து மொணமொணன்னு...

மகேஸ்வரன்: சட்டை பட்டன எண்ணலாம், அவ்ளோ பெருசு! நாலு வருசமா இந்த ஹேக்கத்தான் போட்டிய நடத்துறது யாரு? நம்ம படம் எங்க? கீழ, நாசி லெமாக் கடை விளம்பரம் பக்கத்துல. எனக்குப் பாதித் தலை இல்ல.

வினிஃப்ரெட்: அவனும்தானே நம்மகூட சேந்து ஆரம்பிச்சான்...

மகேஸ்வரன்: ஆரம்பிச்சான். நம்ம ஊரு பத்து பாகாட் புரோகிராமருக்கு பத்து பாகாட்லயே வேலைன்னு மைக்கப் புடிச்சுக் கத்தினான். ரெண்டாவது வருசமே நடுவரா வந்தவர்கிட்ட ரெசுமே குடுத்துட்டு சிங்கப்பூர் போயிட்டான்.

வினிஃப்ரெட்: அதுக்கப்புறம்தானே நாம அந்த ரூலே போட்டோம். நடுவர்கிட்ட யாரும் வேலை கேக்கக் கூடாது.

மகேஸ்வரன்: இப்ப அவனே தலைமை நடுவர். வயித்தெரிச்சல்தான் வினி... ஒளிச்சு என்ன பண்ண? என் கோடப் பாத்துப் பாத்துத்தான் எழுதக் கத்துக்கிட்டான்.

வினிஃப்ரெட்: டேட்டாபேஸ் நான் சொல்லிக் குடுத்தது. இப்ப வாய்ஸ் மெசேஜ்ல பேசுறதக் கேட்டியா? "ஹாய் கைஸ்"... கைஸாம்! எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மகேஸ்வரன்: பாத்தியா? இந்தக் கோவத்தோட ஹைவேல ஓட்டாத. சாவியக் குடு.

வினிஃப்ரெட்: வண்டி என்னுது.

மகேஸ்வரன்: பெட்ரோல் நான் போடுறேன்.

வினிஃப்ரெட்: அலமாக்... ஹோட்டல் பாக்கச் சொன்னா முதுகு வலின்னு சொன்ன ஆளு நீ. இன்னிக்கு என்ன இவ்ளோ சுறுசுறுப்பு? சட்டை வேற அயர்ன் பண்ணிருக்க.

மகேஸ்வரன்: நீ கூடத்தான் புதுச் சுடிதார். நான் ஏதாச்சும் கேட்டனா?

வினிஃப்ரெட்: ...சரி, சண்டை வேணாம். காளியப்பன் அண்ணன் வேன் எடுத்துட்டு அந்தப் பக்கம்தான் போறாரு. அவரே கூட்டிட்டு வரட்டும்.

மகேஸ்வரன்: வேனா? தலைமை நடுவர வேன்லயா? நல்லா இருக்காது.

வினிஃப்ரெட்: இப்பதான் அவனத் திட்டின!

மகேஸ்வரன்: திட்டுறது வேற, மரியாதை வேற. ம்... சரி, நீ சொல்ற மாதிரியே வேன்ல வரட்டும். அண்ணனுக்குப் போன் போடு.

வினிஃப்ரெட்: இல்ல... இல்ல, வேணாம். வேன்ல ஏர்கான் சரியில்ல. நானே போறேன்.

மகேஸ்வரன்: விட மாட்டியா நீ?

வினிஃப்ரெட்: நீ விடுறியா?

மகேஸ்வரன்: எனக்கு அவன்கிட்ட தனியா பேசணும் லா. நம்ம ரூலப் பத்தி. அறுபது பேரு வர்றாங்க. எவனாச்சும் மோப்பம் புடிச்சு அவன்கிட்ட வேலை கேட்டா நம்ம பேருதான் கெடும். சிங்கப்பூர் கம்பெனில அவன் டீம்ல ஒரே ஒரு இடம் காலியா இருக்கு...

வினிஃப்ரெட்: ஒரே ஒரு இடம்னு உனக்கு யாரு சொன்னா?

மகேஸ்வரன்: சும்மா... கேள்விப்பட்டேன்.

வினிஃப்ரெட்: எங்க? அவங்க விளம்பரமே போடலையே. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவங்ககிட்ட மட்டும்தான் அதச் சொன்னாங்க.

மகேஸ்வரன்: வினி... அப்ப அது உனக்கு எப்படித் தெரியும்?

வினிஃப்ரெட்: எனக்குப் போன செவ்வாய்க்கிழமை நடந்துச்சு மகேஸ். உனக்கு என்னிக்கு?