ஐயருக்கு ஊற்றிய கூழ்

என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் முகம் கோணாமல் தலைமைக் கதிரையில் அமர்ந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே. கடலோடு மல்லுக்கட்டி எங்களை ஆளாக்கிய மண்டைதீவின் பெரியவர்களே. குசினிப் புகையில் கண்ணெரிய நின்றுவிட்டு இப்போதுதான் வந்து பாயில் அமர்ந்த தாய்மாரே, சகோதரிகளே. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து எங்கள் நுளம்புக்கடியோடு போராடிக்கொண்டிருக்கும் உறவுகளே. எல்லோருக்கும் இந்தப் புதுவருட மாலையில் என் பணிவான வணக்கம்.

‘நத்தார் மேசையைச் சுற்றிய நட்புக்கும் உறவுக்கும் நன்றி.’ இது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தந்தவர் யார்? விழாக்குழுவின் இராசநாயகம் அண்ணை. ஏன் தந்தார்? இந்த ஊரில் கலியாணம் என்றால் நன்றி சொல்ல ஜோர்ஜ். கால்பந்துப் போட்டி முடிந்தால் நன்றி சொல்ல ஜோர்ஜ். செத்தவீட்டில் கூட, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல இந்த ஜோர்ஜ்தான். சற்று முன்னர் அதற்காகப் பொன்னாடையும் போர்த்தினீர்கள். இதோ, அதைக் கழற்றி இந்தக் கதிரையில் வைக்கிறேன். இல்லை அண்ணை, வேர்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம்? சொல்கிறேன். மறைக்க ஏலாது, உங்களிற் சிலர் அன்று என் வீட்டு முற்றத்தில் இருந்தீர்கள்.

பாலன் பிறந்த நத்தாருக்கு மறுநாள் எங்கள் வீட்டில் கூழ். ஒருவர் நண்டு கொண்டுவருவார், ஒருவர் இறால் கொண்டுவருவார், ஒருவர் வாயை மட்டும் கொண்டுவருவார். ஓம், றஜீபன், உம்மைத்தான் சொல்கிறேன். மீனும் நண்டும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் கொதிக்கும் அந்தப் பெரிய பானைக்குத் தள்ளி, மூன்று கல் வைத்து, என் மனைவி மேர்சி ஒரு புதுப்பானை ஏற்றுவாள். பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்ட மரக்கறிக் கூழ். அதற்குத் தனி அகப்பை. அந்தப் பானை ஒரே ஒருவருக்கு. நயினாதீவில் கோயிற் பூசை செய்யும் என் நண்பர் குமாரசுவாமி ஐயருக்கு.

அவர் எனக்கு யார்? தீவுகளை விட்டு இடம்பெயர்ந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் அவர்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் அருகருகே கிடந்தோம். நடுவிலே ஒரு பழைய சேலை. அதுதான் சுவர், அதுதான் வேலி, அதுதான் எல்லை. எங்கள் உலை ஏறாத நாட்களில் அந்தச் சேலைக்கு அடியால் ஒரு சட்டி சோறு நகர்ந்து வரும். தள்ளிவிடும் கை குமாரசுவாமியின் கை. தாங்களே அரைவயிறாகக் கிடந்தும் தந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் வேறெந்த வீட்டிலும் கை நனைப்பதில்லை. எங்கள் வீட்டில் கூழ் குடிப்பதற்காகத் தன் ஆட்கள் சிலரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறார். இருந்தும் வந்தார், வருடந்தோறும் வந்தார், இந்த வருடமும் திருவெம்பாவைப் பூசையை விடியப்புறம் முடித்துவிட்டுப் படகேறி, பஸ்ஸேறி வந்தார்.

கூழ் ஊற்றியது நான். சும்மா ஊற்றுவேனா? ஒவ்வொரு பனையோலைப் பிளாவுக்கும் ஒரு நன்றியுரை. நண்டுக்கு நன்றி, நட்புக்கு நன்றி, நெடுங்கால உறவுக்கு நன்றி. நீங்கள் கைதட்டத் தட்ட எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஐயருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கினார், ஊதினார், உள்ளே பார்த்தார். பிளாவை மெல்லக் கதிரைக்குக் கீழே வைத்து, மேலே ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டார்.

“வயிறு கொஞ்சம் சரியில்லை ஜோர்ஜ். நீங்கள் குடியுங்கோ” என்றார்.

அத்தோடு விட்டேனா? விடவில்லை. இந்த வாய் விடவில்லை. “பாத்தியளே, ஐயர் பெரிய ஆளாயிட்டார். ஒரு மண்டபத்திலை கிடந்ததெல்லாம் மறந்துபோச்சு. மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பானை இப்ப அவருக்குத் தீட்டு” என்றேன். சபை சிரித்தது. பின்வரிசையில் இருப்பவர்களே, நீங்களும்தான். ஏன் இப்போது தலையைக் குனிகிறீர்கள்? அவரும் சிரித்தார். பிறகு எழும்பி, “கூழ் நல்ல வாசம் பிள்ளை” என்று மேர்சிக்குச் சொல்லிவிட்டு, படகு போய்விடும் என்று நடந்துவிட்டார்.

எல்லோரும் போனபின் மேர்சி அந்த வாழையிலையைத் தூக்கினாள். கூழுக்குள் இறால் தலை. புதுப்பானையைப் போய்ப் பார்த்தாள். மீன்கூழ் அகப்பை அதற்குள் நின்றது.

“உந்த அகப்பையை இதுக்கை விட்டது ஆர்?”

ஆர்? நான். பேசிப் பேசி ஊற்றியதில், எந்த அகப்பை எந்தப் பானைக்குள் போனது என்றே எனக்குத் தெரியவில்லை.

“மனிசன் பூசை முடிச்சு வெறுவயித்தோடை வந்தது, வெறுவயித்தோடையே போச்சுது. நீங்கள் பேச்சையும் குடுத்தெல்லோ அனுப்பிப்போட்டியள்” என்றாள்.

இறால் கிடக்கிறது என்று ஐயர் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வாய் அடைபட்டிருக்கும். நான் வெட்கப்பட்டிருப்பேன், அவர் வென்றிருப்பார். ஏன் சொல்லவில்லை? அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீர் ரெண்டு நாள் வெட்கப்பட்டுப்போட்டு மறந்திருப்பீர்” என்றார். “மேர்சி இனி வருசா வருசம் பயந்து பயந்தெல்லோ சமைப்பா. அதுதான் பேசாமல் இருந்தனான்.”

“என்னை ஏசும் ஐயா, ஒருக்கா ஏசும்” என்றேன்.

“உம்மடை வாய் எனக்குப் புதுசே?” என்று சிரித்தார். “தைப்பொங்கலுக்கு மேர்சியைக் கூட்டிக்கொண்டு வாரும். இண்டைக்குச் சிரிச்ச ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாரும். எல்லாருக்கும் இலை போடுறன்.”

கேட்டீர்களா? ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். விலகியிருந்தால் விதி என்று அழுதிருப்பேன். அழைக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

நல்ல நண்பர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு நன்றியை நாவால் மட்டும் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாலுபேர் முன்னால் நான் அவமதித்தேன். அதனால் நானூறுபேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். பொங்கலன்று நயினாதீவுக்குப் போகிறேன். அன்று என்னோடு சிரித்தவர்கள் என்னோடு வாருங்கள். அவர் போடும் இலையில் வரிசையாக இருப்போம். அவர் பரிமாறட்டும். நான் அங்கே ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

கையை உயர்த்துவது யார்? இராசநாயகம் அண்ணையா? வாருங்கள். றஜீபன், நீருமா? வாரும்.

வழமையாக இந்த இடத்தில் உங்களுக்கு நீட்டி முழக்கி நன்றி சொல்வேன். இன்று சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு உரியவர் கடலுக்கு அங்கால் இருக்கிறார். உங்கள் வீடுகளில் இந்த வருடம் எவரும் வெறுவயிற்றோடு எழும்பிப் போகாதிருக்கட்டும். வணக்கம்.