ஒரு டீ குடிக்கிற நேரம்

இல்ல தம்பி, வயரெல்லாம் பிடுங்க வேண்டாம். மொதல்ல உக்காருங்க. வந்ததும் வராததுமா பையத் தொறந்து ஸ்க்ரூடிரைவர எடுக்கீக. ஏளாயிரம்பண்ணை ரோட்டுல வண்டியில வந்திருக்கீக, அது ஒரு ரோடா? இடுப்பு களண்டு போயிரும். இங்கன ஃபேனுக்கு அடியில உக்காருங்க. டீ வாங்கி வச்சிருக்கேன், ஆறிரப் போகுது. எனக்கா? எனக்கு வேண்டாம். நான் டீய விட்டுட்டேன். முந்தாநேத்துல இருந்துதான்.

நீங்க ஆல்பின்தான? என்னயத் தெரியலயா? போன மாசம் இந்தக் கம்ப்யூட்டர நீங்க மாட்ட வந்தப்ப நாந்தான ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாண்டிச்செல்வம். போர்மேன். ஆமா, புருவமெல்லாம் கருகிப் போச்சு, அதான் அடையாளம் தெரியல. கைக்கட்டு ஒங்கம்மா போட்டதுதான். பெர்சிஸ் நர்சம்மா. தங்கமான மனுசி. வலிக்குதாண்ணேன்னு கேட்டுக் கேட்டுப் போட்டாக.

அன்னைக்கு ஒங்க மொகத்துல என்னா சந்தோசம்! அண்ணே, சுவிட்சப் போட்டுட்டுக் கைய எடுக்கிறதுக்குள்ள எந்திரிச்சிரும் பாருங்கன்னு சொன்னீக. போட்டேன். அட, ஆமா, கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பளிச்சுன்னு வந்து நிக்குது. கரண்டு போயிட்டு வந்தாலும் யாரும் தொட வேண்டாம், தானா எந்திரிச்சுக்கிற மாதிரி செட்டிங் வச்சிருக்கேன்னும் சொன்னீக. நானும் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். மண்டையில ஏறல தம்பி.

பளைய பெட்டி ஒண்ணு இருந்துச்சே, ஏயப்பா! அது எந்திரிக்கிறதுக்குள்ள பொளுது சாஞ்சிரும். சுவிட்சப் போட்டா மாவு மில்லு கணக்கா ஒரு எரைச்சல். அப்புறம் இருட்டடிச்சுக் கெடக்கும். பெறகு ஒரு வட்டம் வந்து சுத்தும் பாருங்க, சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே கெடக்கும். நான் போட்டு விட்டுட்டு கேட்டுக்கு வெளிய ராக்காயி கடைக்குப் போயி, ஒரு டீய ஆற அமரக் குடிச்சு, ஊர்க்கதை நாலு பேசிட்டுத் திரும்பி வருவேன். அப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.

ஆனா அதுல எங்களுக்கு ஒரு வசதி இருந்துச்சு. சிரிக்காதீக, நெசமாத்தான். கேமராவெல்லாம் இந்தப் பெட்டியிலதான ஏறுது? பெட்டி படுத்துட்டா கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சிரும். பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம். தீவாளி சீசன்ல நாலு பேர வச்சுக்கிட்டு எந்த லோட அனுப்புறது? ஆர்டர் களுத்த நெரிக்கும். கூட ஆள உக்கார வச்சிருவோம். மத்த கம்பெனி எனக்குத் தெரியாது, எங்க கம்பெனிக் கதையச் சொல்றேன். ஆபீசர் ஜீப்பு வருதுன்னு போன் வந்துச்சுன்னா, மெயின் சுவிட்ச அணைச்சுட்டு ஒடனே திரும்பப் போட்டுருவேன். பெட்டி படுத்துரும். அது எந்திரிக்கிறதுக்குள்ள, கூடுதலா இருக்கிற பொம்பளைகளப் பின்னால அட்டப்பெட்டி ரூமுக்குள்ள அனுப்பி, வெளிய கொண்டிய மாட்டிப் பூட்டிருவேன். பூட்டிக் கெடக்குற ரூம யாரு பாக்கப் போறா? ஜீப்பு போனதும் தொறந்து விட்டுருவேன். கேமராவக் கேட்டா, கரண்டு போயிருச்சு சார்னு சொல்லிக்கிடலாம். எம்புட்டு வருசமா நடக்குது தெரியுமா?

முந்தாநேத்தும் அதே கதைதான். போன் வந்துச்சு, மெயினத் தட்டுனேன். நாலு பொம்பளைக. ராமுத்தாய், பாண்டிமீனா, இன்னும் ரெண்டு பேரு. ராமுத்தாய் முணங்கிக்கிட்டே போனா. பாண்டிமீனா சிரிச்சுக்கிட்டுப் போனா, அண்ணே, வெரசா வந்து தொறந்து விட்டுரு, உள்ள புளுக்கம் தாங்காதுன்னு. அட்டப்பெட்டி ரூமுன்னு பேருதான். சீசன்ல எந்த ரூம் காலியாக் கெடக்கும்? காஞ்ச தரைச்சக்கரத்தத் தட்டுத் தட்டா அடுக்கி வச்சிருந்துச்சு. அதுக்கு நடுவுலதான் நாலு பேரும் ஒடுங்கி நின்னாளுக.

கேட்டுல போயி நின்னேன். ஜீப்பு வந்துச்சு. நிக்கல தம்பி. நேரா போயிருச்சு. வேற எங்கயோ போற ஜீப்பு! எனக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்பவே ஓடிப்போயித் தொறந்திருக்கணுமா இல்லையா? ராக்காயி டீய நீட்டுனா, வாங்கிக் குடிச்சேன். மெயினத் தட்டுனாலே காலு டீக்கடைக்குப் போயிரும், அப்படிப் பளகிப் போச்சு. பெட்டி எந்திரிக்க இன்னும் நேரம் கெடக்கு, அதுக்குள்ள போயித் தொறந்துக்கிடலாம்னு ஒரு நெனப்பு. புதுப்பெட்டிங்கிறதே மறந்து போச்சு. பாதி கிளாசு குடிச்சிருப்பேன். கெளம்பிருச்சு வெடிச்சத்தம்.

ஓடுனேன். சாவி சட்டப்பையிலதான் இருந்துச்சு. கிட்ட போக முடிஞ்சாத்தான பூட்டத் தொறக்குறதுக்கு? அனலு மூஞ்சியில அடிக்குது. உள்ள இருந்து கதவத் தட்டுனாளுக தம்பி. அந்தச் சத்தம் கேட்டுச்சு, பெறகு கேக்கல. பாவி, நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

இருங்க, எந்திரிக்காதீக. இன்னும் முடியல. கரண்டு இல்ல, கேமரா ஓடலன்னு மொதலாளி போலீசுல சொல்லிட்டாரு. அவுகளும் பின்னால ரூமுகளுக்கு சீலு வச்சிட்டு ஆபீச விட்டுட்டாக. அந்த நாலு பேரும் சரக்கத் திருடப் போனாளுகளாம். அவளுகளா உள்ள நொளைஞ்சு தாப்பாளப் போட்டுக்கிட்டாளுகளாம். கதவும் பூட்டும்தான் செதறிப் போச்சே, யாருக்குத் தெரியப் போகுது? மொதலாளி சொன்னத ஊரே நம்பிருச்சு. நேத்து சாயங்காலம், எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்னு இதே நாக்காலியில உக்காந்து போட்டுப் பாத்தாரு. நான் முதுகுக்குப் பின்னால நிக்கிறேன்.

ஒங்க பெட்டி சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு தம்பி. நான் மெயினத் திரும்பப் போட்டதுமே எந்திரிச்சு உக்காந்திருக்கு. எல்லாம் விளுந்திருக்கு. பொம்பளைக போறது, கதவச் சாத்துறது, கொண்டிய மாட்டிப் பூட்டுறது. மொதலாளிக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. ஒடனே ஒங்களுக்குப் போன் போட்டாரு, காலையில வந்து அம்புட்டையும் அளிச்சிரு, ஒரு பொட்டு மிஞ்சக் கூடாதுன்னு. எங்கிட்டத் திரும்பி, ஒனக்கும் இதுதான் நல்லது பாண்டின்னாரு. சரிங்க மொதலாளின்னேன்.

ஏன் கதவப் பாக்கீக? பூட்டித்தான் இருக்கு. நாந்தான் பூட்டுனேன். பயப்படாதீக, வெளிய இருந்து பூட்டல, உள்ள இருந்துதான். சாவி இதே பையிலதான் இருக்கு. போன எடுக்க வேண்டாம். மொதலாளி சிவகாசிக்கு வக்கீலப் பாக்கப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ஒங்கள நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒங்கம்மா கட்டுன கட்டு இது.

அளிக்கிறதா இருந்தா இந்நேரம் நானே ஒரு கல்லத் தூக்கிப் பெட்டி மேல போட்டிருக்க மாட்டேனா? அளிக்கத் தெரிஞ்ச ஆளு கையில பெட்டி சிக்கிரக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன். எனக்கு இதப் போட்டுக் காட்டத் தெரியாது, ஒங்களுக்குத் தெரியும். மல்லாங்கிணத்துல இருந்து பாண்டிமீனா புருசன் வேன் எடுத்துட்டு வர்றாரு. நாலு வீட்டு ஆளுகளும் வாராக. போலீசையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். கதவப் பூட்டுனது யாருன்னு அந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது. எங்கையப் பிடிச்சுக்கிட்டு நேத்து அப்படி அளுதாரு. மச்சான், நீயாவது ஓடிப்போயிக் காப்பாத்தப் பாத்தியேன்னு.

ஆமா தம்பி, மச்சான்தான். பாண்டிமீனா எங்கூடப் பொறந்தவ. நான் தப்பிச்சா அவ திருடியாயிருவா.

அந்தா, வேன் சத்தம் கேக்குது. சுவிட்சப் போடுங்க. அதான் சட்டுனு எந்திரிச்சிருமே.